பத்து விநாடிக்குள் ஒரு பஞ்சாயத்து

ஒரே பெட்டிக்குள் விண்டோஸையும் லினக்ஸையும் குடிவைத்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டால் எது முதலில் வரவேண்டும் என்று தினமும் சண்டை போடும் குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி. பந்தலூர் பஜாரில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், ரிப்பேர் என்று நாலு வேலையும் பார்க்கிறவன் நான். அது ஒரு தகுதி. என் வீட்டிலேயே இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அது இரண்டாவது தகுதி, முதலாவதைவிடப் பெரியது.

தொடங்கும் முன் டீஃபால்ட் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். புத்தகம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து "ஒரு டீ" என்று மட்டும் சொல்லுங்கள். பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, நுரை தளும்ப வரும். பால் வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. சர்க்கரையும் கேட்கவில்லை. வேண்டாம் என்கிறவன்தான் வாயைத் திறக்க வேண்டும். கட்டன் வேண்டுமென்றால் கட்டன் என்று சொல்ல வேண்டும். சர்க்கரை இல்லாத கட்டன் என்றால் இரண்டு தடவை, கொஞ்சம் சத்தமாக. வாய் திறக்காதவன் முன்னால் எது வந்து உட்காருகிறதோ அதுதான் டீஃபால்ட். கணினித் தமிழில் 'முன்னிருப்பு' என்றும் 'இயல்புநிலை' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் நல்ல சொற்கள். என் கடை வாசலில் இதுவரை யாரும் இரண்டையும் உச்சரித்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. மகளிர் குழுவில் இருப்பவர்கள் காதில் விழும்படி இந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். ஒருநாள் போனில் ஒருவரிடம், "அண்ணே, உங்க சிஸ்டம் டீஃபால்ட்ல நிக்குது, சாயங்காலம் வந்து மாத்தித் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "யாரு? எந்தக் குழு? எத்தன டியூ?" குழு லோனில் ஒருத்தி கட்டாமல் விட்டால் மற்றவர்கள் பேரும் சேர்ந்து கெடும், அவள் பதற்றம் நியாயமானது. உட்காரவைத்து விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே. செய்ய வேண்டியவங்க செய்யாம விட்டா தன்னால வந்து நிக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இனி இந்த வழிகாட்டி முழுக்க அவளுடைய விளக்கம்தான்.

சரி, ஒரு வீட்டுக்குள் இரண்டு இயங்குதளம் எப்படி வந்தது? தமிழ்நாட்டில் நிறைய வீடுகளுக்கு அரசாங்கமே கொண்டுவந்து கொடுத்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் பக்கம் காக்களூரில் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். டெண்டர் விட்டு வாங்கிக் கொடுத்தது எல்காட். பிளஸ் டூ பிள்ளைகள் கையில் வந்த அந்த லேப்டாப்பில் ஒருபுறம் விண்டோஸ், மறுபுறம் பாஸ் லினக்ஸ். பாஸ் என்றதும் முதலாளியை நினைக்க வேண்டாம். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. டெபியன் லினக்ஸை அடியாக வைத்து, சென்னையில் சி-டாக் ஆட்கள் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இந்த லேப்டாப்புகளுக்கும் முன்னாலேயே உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டில் இருந்த காலத்தில் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருக்கிறார். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று தமிழக அரசே தன் துறைகளுக்குச் சொன்னது. ஆக லினக்ஸ் நமக்கு எங்கிருந்தோ வந்த விருந்தாளி இல்லை, சொந்தக்காரன்தான். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட மறந்துபோகும் சொந்தக்காரன்.

என் கைக்கு வந்த லேப்டாப்களில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்தப் பதிப்பில் வால்பேப்பரை மாற்றவே முடியாது. பழுது என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. பழுதில்லை, அதைச் செய்ததே அப்படித்தான். கொளப்பள்ளியிலிருந்து ஒரு பையன் வந்தான். தன் அபிமான நடிகரின் படம் திரை நிறைய இருக்க வேண்டும், இல்லையென்றால் லேப்டாப் வாங்கியே பிரயோஜனமில்லை என்றான். லினக்ஸில் எந்தப் படத்தையும் வைக்கலாம் என்று காட்டினேன். அன்றைக்கே லினக்ஸை டீஃபால்ட் ஆக்கிக்கொண்டு போனான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் நாற்பது வருடமாகப் பேசிவரும் காரணங்களில் இது இல்லை. ஆனாலும் ஓர் ஆள் சேர்ந்தான்.

இனி வேலை. கணினி கண் விழித்ததும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். கீழே, 'பத்து விநாடியில் தானாக ஆரம்பித்துவிடுவேன்' என்று இறங்குமுகமாக எண்கள் ஓடும். இதற்குப் பேர் கிரப். கிராண்ட் யூனிஃபைடு பூட்லோடர் என்று விரித்துச் சொல்வார்கள். இயற்பியல்காரர்களின் ஒருங்கிணைந்த கோட்பாட்டைக் கிண்டலடித்து 1995 வாக்கில் வைத்த பேர். பட்டியலில் எந்த வரி வெளுத்துத் தெரிகிறதோ, பத்து முடிந்ததும் அதுதான் ஓடும். நம் வேலையெல்லாம் அந்த வெளுப்பை ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நகர்த்துவது. கேட்க அவ்வளவுதான்.

லினக்ஸுக்குள் போய் கிரப்பின் அமைப்புக் கோப்பைத் திறங்கள். 'கிரப் டீஃபால்ட்' என்று ஒரு வரி, பக்கத்தில் பூஜ்யம். எங்கள் பழைய பெட்டியில் விண்டோஸ் ஐந்தாவது வரியில் இருந்தது. 5 என்று போட்டேன். விண்டோஸ் வரவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது, இது பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஜாதி. ஐந்தாவது வரிக்கு 4 போட வேண்டும். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்பார்களே, அதை நினைத்துக்கொண்டால் போதும். முதல் வரி லாபம். என்ன, களத்துமேட்டில் லாபத்துக்கு அடுத்தது இரண்டு; கிரப்பில் லாபத்துக்கு அடுத்தது ஒன்று. கணக்கில் நம்மைவிடக் கருமி.

எண் போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. புதிதாக ஏதாவது நிறுவும்போது பட்டியலில் வரிகள் கூடும், குறையும். நேற்று நாலாம் எண்ணில் இருந்தது இன்று ஆறாம் எண்ணில் இருக்கலாம். அதனால் எண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் விண்டோஸ் எந்தப் பேரில் இருக்கிறதோ அந்தப் பேரை மேற்கோள் குறிக்குள் ஓர் எழுத்து பிசகாமல் எழுதுங்கள். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்றும் அரைநாளுக்கு 'அரைப்பேர்' என்றும் கணக்கு வைத்த குடும்பம் எங்களுடையது. எங்கே நின்றாய் என்பதற்குக் கூலி கிடையாது. பேர் விழுந்திருக்கிறதா, அதுதான் கேள்வி.

எழுதிச் சேமித்தாயிற்று என்று எழுந்துவிடாதீர்கள். 'அப்டேட் கிரப்' என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் மாற்றம் செல்லும். கொடுக்காவிட்டால், மனுவை அழகாக எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, தாலுகா ஆபீசில் நடவடிக்கை இல்லை என்று திட்டுகிற கதைதான். விண்டோஸ் பக்கமிருந்து மாற்றலாமே என்று எம்எஸ்கான்ஃபிக் திறப்பவர்களும் உண்டு. பூட் என்ற பக்கத்தில் விண்டோஸின் பேர் மட்டும்தான் இருக்கும். ஒரே வேட்பாளர் நிற்கிற தேர்தல். சில சமயம் பெரிய அப்டேட் ஒன்று முடிந்து எழுந்தால் கிரப்பின் பட்டியலே காணாமல் போயிருக்கும், விண்டோஸ் நேரே வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். ஸ்விட்ச் போட்டதும் எஃப்2-வோ எஃப்12-வோ டெலீட்டோ தட்டி பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் லினக்ஸை மறுபடி மேலே ஏற்றிவிடுங்கள். எந்தப் பொத்தான் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் மாறிமாறித் தட்டுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். வாடிக்கையாளர் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானமாகத் தட்டுவோம்.

இவ்வளவும் இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டியவை, கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். மனிதர்களுக்கு என்ன சொல்வது என்பதில்தான் ஆயுள் போகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். என் மகன் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறான். தம்பி மகள் பாட்டவயல் செக்போஸ்ட்டைத் தாண்டி சுல்தான் பத்தேரிப் பக்கம் படிக்கிறாள். இது பந்தலூரில் அதிசயமே இல்லை. பாட்டவயல், தாளூர், சோலாடி, எந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தாலும் கேரளம். ஊட்டி எங்கள் மாவட்டத் தலைநகர்தான். கலெக்டரைப் பார்க்கப் போனால் 70 கிலோமீட்டருக்குமேல் மலையேறி ஒருநாள் போய்விடும். பத்தேரி, மதியச் சாப்பாட்டுக்குள் போய்வரலாம். கேரளத்துப் பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் என்று 2001-ல் தொடங்கிய திட்டம், 2017-ல் கைட் என்ற நிறுவனமாகி, இன்று அங்கே பிள்ளைகள் தொடும் கணினி எல்லாம் உபுண்டு வழிவந்த லினக்ஸ். படம் வரைய இங்க்ஸ்கேப், ஜிம்ப். கட்டுரை எழுத லிப்ரே ஆபீஸ். என் தம்பி மகளுக்கு விண்டோஸ் என்பது பெரியப்பா கடையில் இருக்கும் ஒரு பழைய வியாதி. என் மகனுக்கோ லினக்ஸ் என்பது தங்கச்சி அடம்பிடிக்கிற ஒரு விஷயம். தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் பாடப்புத்தகத்திலும் விண்டோஸுக்குப் பின்னால் உபுண்டு வருகிறது என்று காட்டினேன். "அது பின்னாலதானே வருது" என்றான்.

இப்படி இரண்டு பக்கம் இழுபடுவது இந்த மண்ணுக்குப் பழக்கம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். 1877 வரை நம்பலக்கோடு, சேரங்கோடு, முன்னநாடு மூன்றும் மலபாரின் வயநாட்டில் இருந்தவை. அந்த வருடம் வெள்ளைக்கார அரசாங்கம் பூட் வரிசையை மாற்றி நீலகிரியோடு சேர்த்தது. பிறகு 1880 வாக்கில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் என்றார்கள். லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாக முளைத்தது. இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் படுத்தது. பிறகு தேயிலை. தங்கம் தோண்டிய சுரங்கக் குழிகள் இன்னும் புதருக்குள் கிடக்கின்றன, அழிக்க மறந்த பார்ட்டிஷன் மாதிரி.

பிள்ளைகள் சண்டைக்கு வருகிறேன். முதலில் சமரசமாக, 'கடைசியாக யார் எதைத் தேர்ந்தெடுத்தார்களோ அதுவே அடுத்தமுறை டீஃபால்ட்' என்ற ஏற்பாட்டைச் செய்தேன். கிரப்பில் அந்த வசதி இருக்கிறது: டீஃபால்ட் என்ற இடத்தில் 'சேவ்டு' என்று எழுதி, கூடவே சேவ்டீஃபால்ட் என்ற வரியையும் போட வேண்டும். நியாயமான ஏற்பாடு. காகிதத்தில். நடந்தது என்னவென்றால், கடைசியாகத் தொட்டவர் யார் என்பது போட்டியாகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மகன் விண்டோஸில் வந்து அணைப்பான். பத்தரைக்குப் பூனை மாதிரி எழுந்து வந்து தம்பி மகள் லினக்ஸைக் கிளப்பி உடனே அணைப்பாள். பதினொன்றுக்கு இவன். ஒரு வேலையும் செய்யாமல் ஒரு ராத்திரியில் நாலு தடவை கிளம்பி அணைந்த கணினி இந்த உலகில் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கும். சேவ்டு முறையை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். குழந்தை இல்லாதவர்கள் யோசிக்கலாம்.

அதன் பக்கவிளைவாக வந்தது கடிகாரப் பிரச்சினை. இது நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியது. மதர்போர்டில் ஒரு சின்ன பேட்டரியில் ஓடும் கடிகாரம் இருக்கிறது, ஆர்டிசி என்பார்கள். அதிலிருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்பும். கிரீன்விச் நேரம் என்று லினக்ஸ் நம்பும், அப்படியே திருத்தியும் வைக்கும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். ஆக ராத்திரி லினக்ஸில் அணைத்து, காலையில் விண்டோஸைக் கிளப்பினால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். நெட் வந்து திருத்தும்வரை அப்படியேதான். ஆடி மாதம், ஒரு காலை ஏழரை மணி. என் மகன் எழுந்துவந்து கணினியைப் போட்டான். விடிகாலை இரண்டு என்றது. சன்னலைப் பார்த்தான். தேவாலாப் பக்கத்து ஆடி மழை மூட்டத்தில் ஏழரையும் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். திரும்பிப் போய்ப் போர்த்திப் படுத்துவிட்டான். எட்டு மணி பஸ் போய்விட்டது. ஏழரை என்றாலே ஆகாது என்று என் அம்மா சனீஸ்வரனைத் திட்டினாள். குற்றவாளி ஆர்டிசி.

தீர்வு எளிது. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். லினக்ஸ் விட்டுக்கொடுக்கும், டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்ற ஒரே வரி போதும். இங்கே தமிழில் எழுதியிருக்கிறேனே என்று தமிழிலேயே தட்டிவிடாதீர்கள். புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும்.

இன்னொரு வசதிக்குறைவையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. அணைத்தால் முழுக்க அணையாமல் பாதித் தூக்கத்தில் படுத்திருக்கும், அடுத்தமுறை சீக்கிரம் எழலாம் என்று. அந்த நேரத்தில் லினக்ஸ் வந்து விண்டோஸின் டிஸ்க்கைத் தொட்டால், பார்க்கலாம், எழுத முடியாது. பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள் மாதிரி. இரட்டைக் குடித்தனம் நடத்துகிற வீட்டில் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

கடைக்காரனாக என் நிலைமை வேறு. என் மனசு லினக்ஸில், வயிறு விண்டோஸில். காரணம் எழுத்துரு. பழைய மனு, பத்திரம், பள்ளிக்கூட வினாத்தாள், கோயில் நோட்டீஸ் எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அன்புடையீர்' என்ற சொல் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்துமாகக் கலைந்து கிடக்கும். யூனிகோடுதான் தரம் என்று 2010-ல், கோவைச் செம்மொழி மாநாடு நடந்த அதே ஜூனில், அரசாணையே வந்துவிட்டது. ஆனால் அரசாணை வந்த தேதியில் கடைக்காரர்கள் தங்கள் பழைய கோப்புகளை எரித்துவிடவில்லை. போன வருடக் குண்டம் திருவிழா நோட்டீஸில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று ஒருவர் வந்து நிற்கும்போது, நான் யூனிகோடின் பெருமை பேசினால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே கடையில் விண்டோஸ் டீஃபால்ட். கொள்கை வேறு, கல்லாப்பெட்டி வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லித்தரவில்லை.

இனி நேரக்கெடு. பூஜ்யம் என்று போட்டால் பட்டியலே வராது, டீஃபால்ட் நேரே ஓடும்; அப்பா வைத்ததுதான் சட்டம் என்கிற வீடு. மைனஸ் 1 என்று போட்டால் யாராவது வந்து எண்டர் தட்டும்வரை ஆயுசுக்கும் காத்திருக்கும். பஞ்சாயத்தில் எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்கிற வீடு. விண்டோஸின் சொந்தப் பட்டியல் முப்பது விநாடி தருகிறது. உபுண்டு பத்து. பத்து என்பது நியாயமாகத் தெரியும், எங்கள் ஊரில் குடியிருந்து பார்க்காதவரை. இங்கே ஸ்விட்சைப் போட்டுவிட்டு யாரும் திரை முன்னால் நிற்பதில்லை. அடுப்பில் ஏதாவது இருக்கும், அட்டைப்பூச்சி காலில் இருக்கும். திரும்பி வருவதற்குள் பத்து போய்விடும். வேண்டாதது வந்து உட்கார்ந்திருக்கும். மறுபடி அணை, மறுபடி போடு.

ஒரு நுட்பம் பலருக்குத் தெரியாது. எண்ணிக்கை ஓடும்போது கீபோர்டில் அம்புக்குறியை ஒரு தடவை தட்டிவிட்டால் போதும், எண்ணிக்கை நின்றுவிடும். பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பட்டியல் காத்திருக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் யார் தட்டுவது என்று சண்டை வரும். அப்பாயிக்குச் சொன்னேன்.

அப்பாயி என்றால் என் அப்பாவின் அம்மா. அவள் இடம் கணினிக்குப் பக்கத்தில்தான். எங்கள் லைன் வீட்டில் மழைக்காலத்தில் ஈரம் ஏறாத சுவர் அடுப்படிச் சுவர் ஒன்றுதான். அதனால் கணினி அங்கே, ஒரு துண்டு போர்த்தி, பக்கத்தில் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிய. பல்பு கணினிக்காகப் போட்டது. குளிர்காய்வது அப்பாயி. "பாட்டு மாதிரி எண்ணிக்கிட்டே வருமே, அது பூஜ்யத்துக்குப் போறதுக்குள்ள இந்தக் கட்டய ஒரு தட்டு தட்டிருங்க அப்பாயி. அது போதும்."

"தட்டாட்டி?"

"தட்டாட்டி அதுவே ஒண்ண எடுத்துக்கும்."

"எத எடுத்துக்கும்?"

"மொதல்ல எழுதி வெச்சத."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்களுக்கும் அப்படித்தான் எழுதி வெச்சாங்க" என்றாள்.

அப்பாயி இலங்கையில் கண்டிப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். 1964 அக்டோபரில் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் என்று கணக்கில் இருந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் ஃபாரம் வந்தது. தாத்தா இந்தியாவுக்குப் போட்டார். அவருடைய அண்ணன் இலங்கைக்குப் போட்டார். ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். "என்னைய யாரும் கேக்கலப்பா. ஃபாரத்துல மேல உங்க தாத்தா பேரு. கீழ என் பேரு. அம்புட்டுதான்." தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு டேன்டீ. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் அரசு வளர்க்க ஆரம்பித்த தேயிலை அது, 1976-ல் கழகமானது. சேரங்கோட்டில் கொழுந்து பறித்து ரிட்டயர் ஆனவள். தாத்தாவின் அண்ணன் குடும்பத்தோடு இப்போது வாட்ஸ்அப்பில் பேசுகிறாள். அவர்கள் பேச்சை முடிக்கும்போது இன்னும் "வந்துட்டுப் போங்க" என்கிறார்கள்.

இது வழிகாட்டியில் வரவேண்டிய பகுதி இல்லை. ஆனால் டீஃபால்ட் பற்றிக் கேட்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் என்னைவிட அவளுக்குத்தான் விஷயம் தெரியும். அன்றிலிருந்து கட்டை தட்டும் உத்தியோகம் அப்பாயியுடையது. யார் ஸ்விட்ச் போட்டாலும், "அப்பாயி!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவார்கள். அவள் எட்டி ஒரு தட்டு தட்டுவாள். எந்த வரியையும் நகர்த்த மாட்டாள். அம்புக்குறியில் மேல்நோக்கியதை மட்டும்தான் தட்டுவாள். ஏற்கெனவே மேலே இருப்பதால் வெளுப்பு நகராது என்று அவளே கண்டுபிடித்தது. பிள்ளைகள் வந்து தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்வார்கள்.

கடைசியாக ஒரு அமைப்பு, எல்லோரும் மறப்பது. பயாஸில், 'கரண்ட் போய்த் திரும்பினால் என்ன செய்ய' என்று ஒரு கேள்வி இருக்கும். அணைந்தே இருக்கலாம், அல்லது தானாக எழலாம். எங்கள் பெட்டி முன்பு என் கடையில் ஓடியது. காலையில் நான் ஷட்டரைத் தூக்கி மெயினைப் போட்டதும் தானாக எழட்டும் என்று வைத்திருந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாற்ற மறந்துவிட்டேன். போன ஜூலையில் ஒரு ராத்திரி காற்று. எங்கோ சில்வர் ஓக் கம்பியில் சாய்ந்து கரண்ட் போனது. இரண்டு மணி வாக்கில் வந்தது. வீடு முழுக்கத் தூக்கம். கணினி தானாக எழுந்து, கறுப்புத் திரையில் பத்து, ஒன்பது என்று தனக்குத்தானே எண்ண ஆரம்பித்திருக்கிறது.

காலை ஆறரைக்கு நான் எழுந்துவந்தபோது பட்டியல் அப்படியே நின்றது. எண்ணிக்கை நின்றிருந்தது, வெளுப்பு முதல் வரியில். குண்டு பல்புக்குப் பக்கத்தில் அப்பாயி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் வாயில் பிரஷோடு பின்னால் வந்து நின்றார்கள்.

"நீங்க தூங்கலையா அப்பாயி?"

"எப்பிடித் தூங்கறது? ஆளில்லாத நேரத்துல அது பாட்டுக்கு எண்ணுது. நிறுத்தி வெச்சேன். எந்திரிச்சு வந்து கேட்டுக்கட்டும்னு."

நாலரை மணி நேரம் மீட்டர் ஓடியிருக்கிறது.